கருவை முளைக்காத தடம்

செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கோடு மட்டும் வளையவே இல்லை. இராமநாதபுரம் சீமையில் எந்தப் பாதையும் கண்மாய்க் கரையைக் கண்டால் ஒதுங்கும், கோயிலைக் கண்டால் சுற்றும், யாராவது வேலி போட்டிருந்தால் பணிந்து விலகும். இதுவோ அடர்ந்த சீமைக்கருவைக் காட்டைக் கத்தியால் கீறியதுபோல் வாலிநோக்கத்துக் கடல் வரைக்கும் நேராகப் போனது. அதற்குப் பெயரும் போட்டிருக்கவில்லை.

மற்றவர்கள் கைப்பேசியில் புடவை பார்க்கும் நேரத்தில் யுவராணி வரைபடம் பார்ப்பாள். யாரும் போகாத பாதையைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை கணவன் யோகேஸ்வரனை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். இந்தக் கோட்டைப் பார்த்ததும் ஒற்றைக் காலில் நின்றாள். ஆளுக்கொரு பக்கமிருந்து நடந்து நடுவில் சந்திக்க வேண்டும். பிந்துகிறவர் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

"எந்தக் காட்டுக்குள்ள என்னயத் தள்ளி விடப் போற?" என்று சிரித்தபடிதான் அவன் கடற்கரைக்குப் பேருந்து ஏறினான். தான் நடப்பது அவளுடைய படத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி கைப்பேசியில் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான்.

காட்டின் இந்தப் பக்கத்து விளிம்பில் கரிமூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், யுவராணியைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"எங்கன போறீக தாயி? இது முனி ஓடுற தடம்."

"சும்மா நடக்கத்தான்க்கா."

"உச்சி சாயுற வரைக்கும் நாங்களே இதுல கால வைக்க மாட்டோம். உள்ள தடத்துக்குக் குறுக்க ஒரு பழைய வீடு கெடக்கு. ரெண்டு வாசலும் நேருக்கு நேரா இருக்கும். அங்கன ஒதுங்குனாலும் ஓரமா நில்லுங்க, கதவ மட்டும் சாத்திராதீக. தொறந்து கெடந்தா அது பாட்டுக்குப் போயிரும்."

யுவராணி தலையாட்டினாள். இவ்வளவு நல்ல நடைபாதைக்கு ஊரார் கட்டிவிட்ட கதையைப் பார் என்று உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது.

உள்ளே போகப் போகச் சிரிப்பு குறைந்தது. சுவர் வெடிப்பில்கூட முளைக்கும் கருவை, இந்தத் தடத்தில் ஒரு துளிர்கூட விடவில்லை. மண் உரலில் இடித்ததுபோல் இறுகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் உள்ளே நீட்டிய கிளைகள் எல்லாம் ஒரே திசையில் முறிந்து தொங்கின. கருவாட்டு வாடையோடு வேறொரு வாடையும் கலந்து வந்தது. திரும்பிப் பார்த்தால், ஓர் ஆடு, ஆள் உயரத்துக்கு மேலே, மரத்தின் கவட்டையில் செருகிக் கிடந்தது. அதன் விலா எலும்புகள் வெளியே துருத்தி நின்றன. ஈக்கள்கூட மொய்க்கவில்லை. யோகேஸ்வரனைத் திரும்பிப் போகச் சொல்லிவிட வேண்டும் என்று யுவராணி முடிவு செய்தாள்.

அவனை அழைத்தாள், இணைப்பு கிடைக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பழைய வீட்டு நிழலுக்குள் நுழைந்தாள். கடல் பக்கத்து வாசல் வழியாக அனல்காற்று மணலை வாரி வாரிக் கண்ணில் இறைத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, யோசிக்காமல், நகரத்து வீட்டுப் பழக்கத்தில் அந்தக் கதவைத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

மீண்டும் அழைத்தாள். இப்போது எடுத்தான்.

"வந்துக்கிட்டே இருக்கேன் புள்ள. பருத்திப்பாலுக்குக் காச எடுத்து வையி."

"என்னங்க, திரும்பிப் போயிருங்க. தடத்த விட்டு வெளிய போங்க."

"ஏன்? இரு... பின்னால ஏதோ லாரி வார மாதிரி இருக்கு. இந்தத் தடத்துல லாரி எப்புடி—"

எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. பிறகு காற்று. வெறும் காற்று.

படத்தில் நீலப் புள்ளி ஓடத் தொடங்கியது. மனிதன் ஓடும் ஓட்டம் அல்ல. வளையாத கோட்டின் மேல், வளையாமல், அவளை நோக்கி. தூரத்தில் கிளைகள் முறிந்தன. பக்கத்தில் முறிந்தன.

கதவில் இடி விழுந்தது.

ஓடுகள் சரிந்தன. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. கதவுக்கு அடியில் ரத்தம் மெல்ல உள்ளே வந்து மணலைக் கட்டியாக்கியது.

"யுவா..." கைப்பேசியில் அவன் குரல். உயிரோடுதான் இருந்தான். "தொறந்துரு. முடியல புள்ள... தொறந்துரு."

திறந்தால் அவனோடு அதுவும் வரும். அவள் கை எழவில்லை. கட்டிய கணவன் கதவுக்கு அந்தப் பக்கம் கெஞ்சுகிறான், கை எழவில்லை. அவ்வளவு பயம்.

புள்ளி பின்னால் போயிற்று. கடல் வரைக்கும் போயிற்று. நின்றது. திரும்பியது.

"வேணாம்! வேணாம்!" கைப்பேசியில் அவன் அலறினான்.

இரண்டாவது இடியில் பலகை பிளந்தது. பிளவின் வழியே அவன் விரல்கள் உள்ளே வந்தன, அவள் போட்ட மோதிரத்தோடு. காற்றைத் துழாவின. அவள் ஓடிப்போய்த் தொடுவதற்குள் வெடுக்கென்று பின்னால் இழுபட்டன. மோதிரமும் ஒரு விரலும் உள்ளேயே விழுந்தன.

குரல் இல்லை. புள்ளி மறுபடியும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சாத்திய கதவைத்தான் இடிக்கிறது. அவனைக் கொண்டு இடிக்கிறது. திறந்து கிடந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். அவன் மிஞ்சலாம்.

தாழ்ப்பாள் வளைந்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் பிய்ந்தது. இழுத்தாள். கதவு திறந்தது.

கடல்காற்று ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தது. முதுகுக்குப் பின்னால், இத்தனை நேரமும் திறந்தே கிடந்த மறு கதவு படீரென்று அறைந்து சாத்திக்கொண்டது.

எதிரே தடம் கடல் வரைக்கும் நேராகக் கிடந்தது. அதன் கோடியிலிருந்து யோகேஸ்வரன் வந்துகொண்டிருந்தான். கால்கள் மண்ணில் படவில்லை. தலை முதுகுப் பக்கம் தொங்கியது. கைகள் இரண்டும் அவளை அணைக்க வருவதுபோல் விரிந்திருந்தன.