பதினாறு இழை

மனித குலத்துக்கு நெருப்பும் சக்கரமும் வெறும் ஒத்திகைதான். உண்மையான கண்டுபிடிப்பு நாண்தையலி. 2068-இல் மதுரையில் அதை உருவாக்கிய டாக்டர் சேந்தன் எல்லா மேடைகளிலும் இதைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோனால், நாண்தையலி இயந்திரம் அதைப் பதினொரு நொடியில் பதினாறு இழை போட்டுத் தைத்துவிடும். தைத்த விரலில் கேஸ் சிலிண்டரைத் தொங்கவிடலாம். மேடையில் தொங்கவிட்டும் காட்டினார்கள்.

பக்கத்து அறுவை அறையில் டாக்டர் பெலிசிட்டா இன்னும் கையால் நான்கு இழைதான் போட்டுக்கொண்டிருந்தார். நோயாளிக்கு மயக்கம் கொடுக்கமாட்டார். விரலை மட்டும் மரத்துப்போகச் செய்து தைத்துவிட்டு, தோலை மூடும் முன், "எங்க, ஒரு தடவை மடக்குங்க" என்பார்.

"நோயாளிகிட்டயே அபிப்பிராயம் கேக்குறீங்களே மேடம்! உப்பு காரம் சரியா இருக்கான்னும் கேட்டுக்குங்க" என்பார் சேந்தன்.

"கேப்பேன். மடங்கலைன்னா பிரிச்சுத் தைப்பேன்."

ஆறே மாதத்தில் நகரில் மூவாயிரம் விரல்கள் அறுக்க முடியாதவை ஆயின. மடக்கவும் முடியாதவை ஆயின. ஆள்காட்டி விரலை நீட்டியபடியே மக்கள் பேருந்தில் போனார்கள். எதிர் இருக்கைக்காரர்கள், "யாரைய்யா காட்டுற?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

பரோட்டா மாஸ்டர் ஜமால் மனைவி மைமூனுடன் சேந்தனைப் பார்க்க வந்தார்.

"நாலு டீ சொன்னாலும் நீட்டின விரலைப் பாத்துட்டு ஒண்ணுதான் வருது டாக்டர். அது கெடக்கட்டும். மாவு வீச முடியல, விரல் குச்சியாட்டம் குத்திக் கிழிக்குது. அடுத்த வாரம் வேற மாஸ்டரைப் போடுறாங்களாம்."

"தையல் அறுந்துச்சா?"

"இல்ல."

"அப்ப வெற்றிதானே?"

மைமூனுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் டாக்டர், பாவாடை நாடால இத்தாம்பெரிய முடிச்சைப் போட்டா அது உள்ள ஓடுமா?"

சேந்தன் ஜமாலின் விரலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். தசைநாண் ஒரு குறுகிய உறைக்குள் வழுக்கி ஓட வேண்டியது. பதினாறு இழையில் தடித்து, உறையின் வாயில் சிக்கி, அங்கேயே ஒட்டிப்போயிருந்தது. நாண்தையலிக்கு வலுவை அளக்கத்தான் தெரியும், ஓட்டத்தை அளக்கத் தெரியாது. அவர் கற்றுக்கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் பெலிசிட்டா சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, சேந்தன் ஜமாலின் விரலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார். பழைய தையலைப் பிரித்தார். கையால் நான்கு இழை போட்டார்.

"பன்னிரண்டு இழை குறைவு" என்று அறிவித்தது நாண்தையலி.

அதன் மின்கம்பியைப் பிடுங்கினார். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து ஜமாலின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, ஒரு தடவை மடக்குங்களேன்."

விரல் பாதி வழியில் நின்றது. முடிச்சைப் பிரித்து, சின்னதாக்கி மறுபடி தைத்தார்.

"இப்ப?"

விரல் உள்ளங்கையைத் தொட்டது.

"இன்னொரு தடவை" என்றார் சேந்தன், வெளியே கேட்காத குரலில்.