இழு, விடு

பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் கருகிய மரவாசனை முகத்தில் அடித்தது. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த இடம். உள்ளே கால் வைக்கவே சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெளியே பட்டப்பகல். நிறைமாத வயிற்றோடு அக்கா பின்னால் நிற்கிறாள். பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அக்காவின் கணவர், சின்னவளுடைய அத்தான், கணினிக் கணக்கில் மரம் செதுக்கும் இந்த சிஎன்சி மெஷின் பக்கத்தில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து உயிரைவிட்டார். பிறக்கப்போகும் பிள்ளையின் தொட்டிலுக்கான தலைமாட்டுப் பலகை இன்னும் மெஷினின் மேசைமேல் இறுக்கியபடியே இருந்தது. அதில் செதுக்கிய தாய்க்குருவி முடிந்திருந்தது. குஞ்சு பாதியில் நின்றது.

"அவர் கைபட்ட கடைசி வேலைடி. பாழாக்கிடாதே."

சின்னவள் அத்தானிடம் கற்றது ஒரே வாரம். மெஷினை உயிர்ப்பித்ததும், அந்த அரைகுறை ஞாபகத்தில், பூஜ்ஜியப் பொத்தானை அழுத்திவிட்டாள். திரையில் எண்கள் எல்லாம் சைபர் ஆயின. அப்புறம்தான் உறைத்தது. அத்தான் பதிந்து வைத்திருந்த ஆரம்பப் புள்ளி அழிந்துவிட்டது. கற்றுக்குட்டிகள் எல்லாரும் செய்கிற தப்புதான். இனி மயிரிழை தள்ளித் தொடங்கினாலும் வெட்டுகிற பிட் தாய்க்குருவியின் கழுத்தைச் சீவிவிடும்.

அக்கா பார்க்காதபடி திரையை மறைத்து நின்றாள்.

பிட்டின் உயரம் பார்க்க அத்தான் பலகைமேல் ஒரு காகிதத்தை வைப்பார். பிட்டைத் துளித்துளியாக இறக்கிக்கொண்டே காகிதத்தை இழுத்துப் பார்ப்பார். அது லேசாகக் கவ்வியதும் நிறுத்துவார். "இழு, விடு. இழு, விடு. அவசரப்பட்டா அடியில இருக்கறதுக்குத்தான் கேடு" என்பார்.

அவளும் ஒரு காகிதத்தை வைத்து இழுத்தாள்.

கவ்வியது.

பிட் நான்கு விரற்கடை மேலே நின்றது.

மறுமுனையில் யாரோ இழுத்தார்கள். விட்டார்கள். மறுபடி இழுத்தார்கள். காகிதம் அவள் விரலிலிருந்து நழுவி, பலகைமேல் தானே ஊர்ந்து, ஒரு மூலையில் நின்றது. காற்று இல்லை. மின்விசிறி ஓடவில்லை.

"என்னடி, அப்படியே நின்னுட்டே?"

"ஒண்ணுமில்லக்கா. தூசி பறக்கும், நீ வெளிய நில்லு."

வேறு வழி தெரியாமல் காகிதம் நின்ற மூலைக்கு மேலே பிட்டைக் கொண்டுபோய் இறக்கி, அதையே பூஜ்ஜியமாக வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாள். பிட் பழைய தடத்திலேயே, இம்மி பிசகாமல் இறங்கியது. குஞ்சுக்குருவி முழுசாக வந்தது. சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"போதும் அத்தான்," என்று கிசுகிசுத்தாள். "இனி நாங்க பாத்துக்கறோம். நீங்க போயிடுங்க."

மெஷினை அணைத்து, பலகையைக் கழற்றி எடுத்தாள்.

பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆயிற்று. மத்தியான நேரம்; அக்கா குளிக்கப் போயிருந்தாள். தொட்டில் பக்கத்தில் சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குருவிகளுக்குக் கீழே குழந்தை அயர்ந்து தூங்கியது. திடீரென்று அந்தக் கருகிய மரவாசனை வந்தது.

விரிப்பின் முனை அசைந்தது.

இழு, விடு.

இழு, விடு.

பிள்ளையைக் கொஞ்சிப் பார்க்க வந்திருக்கிறார் என்று முதலில் நெஞ்சு இளகிப்போனது. பிறகு அந்த நினைவு வந்தது. மேலிருந்து எதையாவது இறக்கும்போதுதான் அத்தான் அப்படி இழுத்துப் பார்ப்பார்.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. குழந்தையை அப்படியே வாரி எடுத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

விரிப்பு ஒருமுறை இழுபட்டு, கவ்வி நின்றது.

குழந்தையின் தலை இருந்த இடத்தில், துணியில் ஒரு சின்னப் பள்ளம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.