பெரிய மோட்டரும் மீன் தராசும்

பெரிய சாமான் என்றால் எல்லோருக்கும் உடனே நம்பிக்கை வந்துவிடும். பத்து வயது ஷிஃபானாவுக்கு வராது. தொட்டு, இழுத்துப் பார்த்தால்தான் நம்புவாள்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியோரம் அவளுடைய றுவைஸ் மாமாவின் பட்டறை. அங்கே அவர் சொந்தமாக ஒரு மெஷின் செய்திருந்தார். கணினியில் எழுத்தைப் போட்டால் அது பலகையில் செதுக்கித் தரவேண்டும். ‘தரவேண்டும்’ என்றுதான் சொல்லலாம். இன்னும் ஒழுங்காகத் தரவில்லை.

இன்று அது வெட்டியது ஒரு படகின் பெயர்ப்பலகை. படகு இராசையாவுடையது. பெயர் அவருடைய மகள் நிரோஜினியுடையது. அவள் ஷிஃபானாவின் வகுப்புத் தோழி. நாளைக் காலை உப்புவெளியில் படகு கடலில் இறங்குகிறது. பெயர் இல்லாத படகை இறக்கவே மாட்டேன் என்று இராசையா சொல்லிவிட்டார்.

மெஷின் நின்றது. பக்கத்தில் நின்ற நிரோஜினி எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ! ‘ரோ’வுக்கு மேல ‘ஜி’ ஏறி இருக்கு. என்ர பேர் பஸ்ஸில இடம் பிடிக்குது!”

மாமா தலையைச் சொறிந்தார். “மோட்டர் காணாது. இன்னும் பெரிசு போடோணும்.”

மேலே இருந்த மோட்டரே தேங்காய் அளவு. பழைய இரும்புக் கடையில், படகு எஞ்சின் வாங்குகிறவர் போல ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்து, அதிகம் கனத்ததையே மாமா கொண்டுவந்திருந்தார்.

“இதுக்கு என்ன வேலை மாமா?” என்று ஷிஃபானா கேட்டாள்.

“கத்தியை மேல தூக்கும், கீழ இறக்கும்.”

“பக்கவாட்டில ஆர் இழுக்கிற?”

“கீழ இருக்கிற மோட்டர். கத்தியையும் மேல் மோட்டரையும் சேத்து அதுதான் இழுக்கும். அது ஸ்டெப்பர் மோட்டர், அடி அடியா வைச்சுத் திரும்பும். கணினி நூறு அடி வை எண்டா, நூறு அடி வைச்சு நிக்கும்.”

“இழுக்க ஏலாட்டி?”

“நிண்டுரும்.”

“கணினிக்குச் சொல்லுமா?”

“சொல்லாது. போயிட்டுது எண்டு நினைச்சு, கணினி அடுத்த எழுத்தை வெட்டும்.”

“கள்ள மோட்டர்!” என்றாள் நிரோஜினி.

“கள்ளமில்ல, பாவம். அதுக்குச் சுமை கூடப் போல,” என்றாள் ஷிஃபானா.

இராசையா அப்போது வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கைபிடியில் மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஆடியது.

“அங்கிள், அந்தத் தராசைத் தாங்க,” என்றாள் ஷிஃபானா.

“ஏன் மகள், எழுத்தை நிறுக்கப் போறீங்களோ?”

ஷிஃபானா மெஷினின் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னாள். கீழ் மோட்டரை மாமா கழற்றிவிட்டார். அது இழுக்கும் பாகத்தில் தராசைக் கொழுவி, அவள் மெல்ல இழுத்தாள். முள் நான்கு கிலோவைத் தாண்டிய பிறகுதான் பாகம் அசைந்தது. மேலே இருந்த பெரிய மோட்டரையும் கழற்றிவிட்டு மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை முள் ஒன்றுக்கு வந்ததுமே பாகம் ஓடியது.

“அப்ப கீழயும் பெரிசாப் போடுவம்!” என்றார் மாமா.

“மாமா! மேல சின்னதாப் போடுவம்.”

“சின்னது கத்தியைத் தூக்குமா?”

“தெரியாது. பாப்பம்.”

கத்தியைத் தூக்கும் திருகாணியை அவள் இரண்டு விரலால் சுற்றினாள். கத்தி மேலே வந்தது.

பழுதான பிரிண்டர் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன மோட்டர் மேசையில் கிடந்தது. அதை மாமா ஓடவிட்டார். ஷிஃபானா அதன் தண்டை அதே இரண்டு விரலால் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். ஏலவில்லை.

“என்ர விரலே கத்தியைத் தூக்குது. இது என்ர விரலைவிடப் பலம்.”

மாமாவும் பிடித்துப் பார்த்தார். இராசையாவும் பிடித்துப் பார்த்தார். பிறகு மாமா கீழ் மோட்டரைத் திரும்பப் பூட்டி, மேலே சின்னதைப் பூட்டினார்.

“பலகை பழுதாப்போச்சே,” என்று முணுமுணுத்தாள் நிரோஜினி.

ஷிஃபானா அதைத் திருப்பிப் போட்டாள். “இஞ்சால பக்கம் இருக்கே!”

மாலையில் மெஷின் மறுபடி ஓடியது. எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையில் வந்து நின்றன. தேங்காய் மோட்டர் பட்டறைக் கதவு காற்றில் அடிபடாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வேலையை நன்றாகவே செய்தது.

மறுநாள் காலை ‘நிரோஜினி’ கடலில் இறங்கியது. கரையில் நின்ற நிரோஜினி தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சத்தம்போட்டு வாசித்தாள்.

இராசையா கையை நீட்டினார். “தராசைத் தாங்கோ மகள், மீன் நிறுக்கோணும்.”

ஷிஃபானா அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“கொஞ்சம் பொறுங்க அங்கிள். உங்கட படகை இன்னும் இழுத்துப் பாக்கல்ல.”