பழையது இருக்கட்டுமா?

ஃப்ரிட்ஜின் சத்தம் இடம் மாறியிருந்தது.

சளி கட்டிய தொண்டைபோல எப்போதும் சமையலறையின் இடது மூலையிலிருந்து கொர்கொர் என்று வரும் சத்தம், இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வலப்பக்கச் சுவரிலிருந்து, கனைத்துச் சரிசெய்துகொண்டதுபோலச் சீராக வந்தது. காலி பாட்டிலோடு வந்தவனின் கால்கள் பழக்கத்தில் இடப்பக்கம் போய் நின்றன. கை காற்றைப் பிடித்து இழுத்தது. ஃப்ரிட்ஜ் எதிர்ச்சுவரில் இருந்தது. நேற்றும் அங்கேதான் இருந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்யும் அளவுக்கு அவன் வீட்டைக் கவனித்தவன் இல்லை. மனைவி சோபாவை மாற்றிப் போட்டதைக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் எடுத்துக்கொண்ட ஆள்.

அலுவலகத்தில் அவன் பெயர் ரீஸ்டார்ட். யாருடைய கம்ப்யூட்டர் எப்படிப் படுத்தாலும் "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதே அவனுடைய பதினோரு வருட அனுபவத்தின் சாறு. அந்தப் பெருமையோடு, அலுவலகம் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வீட்டு நடையின் அலமாரியில் வைத்து, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றை அதில் ஏற்றி, விளக்கு, விசிறி, வாசல் பூட்டு எல்லாவற்றையும் அதோடு கோத்திருந்தான். சமையலறைக்கு ஒரு கோப்பு, கூடத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று. தலைவலிக்காரியான மனைவிக்கு எந்த வெளிச்சம் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு கோப்பு. ஆறு வயது மகள் தூக்கத்தில் போர்வையை உதைத்தால் விசிறி எவ்வளவு குறைய வேண்டும் என்று ஒன்று. எல்லாம் ராத்திரி ராத்திரியாக அவன் கையால் எழுதியவை. அன்பை வாயால் சொல்ல வராதவர்களுக்கு இப்படியும் ஒரு வழி.

அந்த இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. சற்று முன்புதான் மேம்படுத்தலை ஓட விட்டிருந்தான். அவன் கைவைத்த ஒவ்வொரு கோப்பிலும் அது நின்று, 'உங்கள் பழையது இருக்கட்டுமா, புதியதை வைக்கவா?' என்று கேட்கும். புதிய பதிப்போடு வந்த நாற்பது பக்க மாற்றப் பட்டியலை மூன்றாம் பக்கத்திலேயே மூடியவனுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? 'கேட்காதே, எல்லாவற்றிலும் புதியதை வை' என்று ஒரே கட்டளையில் சேர்த்துத் தட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்க வந்துவிட்டான்.

போன் அடித்தது. மனைவி. ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி நர்ஸ்.

"என்னடா ரீஸ்டார்ட், வீடு இருக்கா, கழட்டிப் போட்டுட்டியா?" பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம், யாரோ இருமும் சத்தம்.

"இருக்கு இருக்கு. புது வெர்ஷன் ஏத்துறேன்."

"ஓடுறத நோண்டாம இருக்க மாட்டியே நீ. பாப்பா தூங்குறாளா?"

"தூங்குறா. நம்ம ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் இருக்கும்?"

"குடிச்சிருக்கியா?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

கூடத்துக்கு வந்தான். வாசனை இல்லை. தலைக்கு எண்ணெய், காயாத துண்டு, மகளின் கலர் பென்சில் சீவிய தூள் எல்லாம் கலந்து, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமலே தெரியும் அந்த வீட்டு வாசனை போய், இதுவரை யாரும் மூச்சு விடாத அறையின் காற்று மூக்கில் ஏறியது. மகள் சுவரில் கிறுக்கிய யானை இல்லை. துடைத்த தடம்கூட இல்லை. சுவர் அவனைத் தெரியாத சுவராக நின்றது.

அலமாரியைத் திறந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

சமையலறை: புதியது வைக்கப்பட்டது.
கூடம்: புதியது வைக்கப்பட்டது.
வாசல்: புதியது வைக்கப்பட்டது.

வாசலைத் திரும்பிப் பார்த்தான். கதவு இருந்தது. உட்புறத்தில் கைப்பிடி இல்லை. தாழ்ப்பாள் இல்லை. விரல் நுழைய இடுக்கும் இல்லை. தட்டினால், கட்டையின் சத்தம் வரவில்லை. சுவரின் சத்தம் வந்தது.

படிக்காமல் விட்ட மாற்றப் பட்டியலைப் போனில் திறந்தான். 'எல்லாமே கோப்புதான்' என்பது அந்த இயங்குதளத்தின் பழைய கொள்கை. டீ குடிக்கும்போது நண்பர்களிடம் அவனே எத்தனையோ தடவை பெருமையடித்தது. முப்பத்தோராம் பக்கத்தில், வேறு இரண்டு அற்ப மாற்றங்களுக்கு நடுவே, ஒரு வரி.

'கோப்பும் அது குறிக்கும் பொருளும் இப்பதிப்பிலிருந்து வெவ்வேறல்ல.'

அதன் கீழே நீக்கப்பட்டவை. முதலாவது: 'விசைப்பலகையால் நடுவில் நிறுத்தும் வசதி.'

விசைகளை அழுத்தினான். எல்லா விசைகளையும். திரை அசரவில்லை. அடுத்த வரி வந்தது.

மனைவி: புதியது வைக்கப்பட்டது.

போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து, அவன் அம்மா எதிரில்கூட, அவள் அவனுக்கு 'ங்க' போட்டதில்லை.

"ஏய்... நான்தான்."

"தெரியுதுங்க. ஆறு மணிக்கு வந்துருவேன்." தள்ளுவண்டி இல்லை. இருமல் இல்லை. பேச்சுக்கு நடுவே அவள் மூச்சு வாங்கவும் இல்லை.

"விளையாடாதடீ. பயமா இருக்கு. ஒரு தடவ என்னத் திட்டேன்."

"என்ன சொல்லித் திட்டணுங்க?" என்றது அவள் குரல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

போன் கீழே விழுந்தது.

மகள்: பழையது கழற்றப்படுகிறது. பத்து விழுக்காடு.

அலமாரிக்கு நேரெதிரே அவள் அறை. திறந்திருந்த கதவு வழியே கட்டிலில் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. தூக்கத்தில் எப்போதும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருக்கும் பாதங்கள். இப்போது, குதிகால் குதிகாலைத் தொட, இணையாக, நேராக.

"பாப்பா!"

அசையவில்லை. ஓடிப்போய்த் தூக்கலாம். தூக்கிக்கொண்டு எங்கே போவது? வாசல் இல்லை. போவதற்குள் அது முடித்துவிடும்.

முப்பது.

பெட்டியின் பின்னால் கைவிட்டு மின்கம்பியைப் பிடித்தான். திரை அதைப் பார்த்ததுபோல ஒரு வரியைக் கொண்டுவந்தது: 'மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் நின்றுவிடும்.'

தெரியும் அவனுக்கு. பாதி மேம்படுத்தலில் கரண்ட் போன கம்ப்யூட்டர் ஒன்று அலுவலகத்தில் கிடந்தது. பழையதாகவும் எழாது, புதியதாகவும் எழாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணி அவன் தோற்றுப்போன ஒரே பெட்டி.

நாற்பது.

முடிக்க விட்டால், 'சொல்லுங்க அப்பா' என்று கேட்கும் ஒன்று. பத்திரமாக. முழுதாக. தலைவாரி.

நாற்பத்தேழு.

பழையது வேண்டும். போர்வையை உதைக்கிற, மூக்கொழுகுகிற, சுவரில் கிறுக்குகிற பழையது. கொஞ்சமாவது. எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவு.

ஐம்பது.

பிடுங்கினான்.

திரை செத்தது. வீடு முழுக்கச் சத்தம் அடங்கியது. விசிறி சுற்றி நின்றது. தன் மூச்சு மட்டும். காதில் அடிக்கும் ரத்தம் மட்டும்.

கட்டில் முனகியது.

காலடி. வெறுங்கால் தரையில் ஒட்டிப் பிரியும் 'சப்'. அது அவளுடையது. அடுத்த காலடிக்குச் சத்தமே இல்லை. மறுபடி 'சப்'. மறுபடி ஒன்றுமில்லை.

அறை வாசலில் வந்து நின்றாள்.

இடக் கன்னத்தில் தலையணை மடிப்பின் சிவப்புக் கோடு, வேர்வையில் ஒட்டிய முடி. வலப்பக்கம் கோடு இல்லை, வேர்வை இல்லை. முடி படிய வாரியிருந்தது. இடக்கண் அவனைத் தேடிப் பிடித்து நிரம்பி வழிந்தது. வலக்கண் அவனைத் தாண்டி அலமாரியைப் பார்த்தது.

"அப்பா," என்றது வாயின் ஒரு பாதி.

தூக்கச் சொல்லி இடக்கை அவனை நோக்கி நீண்டது. வலக்கை நிதானமாக எழுந்து, அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, கீழே இறக்கி, அங்கேயே வைத்துக்கொண்டது.