யூசர் நேம்: கதவு

பதினான்காவது முறையும் அவன் அதைத் தடுத்தான். எண்டரைத் தட்டிய வேகத்தில் டம்ளர் தண்ணீர் தளும்பி லேப்டாப்பின் ஓரத்தில் சிந்தியது. துடைக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுப்புத் திரை. அடியில் ஒரு வெள்ளைக் கோடு இமைத்துக்கொண்டிருந்தது. ஐந்து விநாடி. பத்து விநாடி. ஒழிந்தது என்று மூச்சை விட்டபோது, புதிய வரி ஒன்று கீழிருந்து மெதுவாக ஏறி வந்தது.

உள்நுழைய முயற்சி. தோல்வி. நேரம்: பகல் இரண்டு பத்து.

ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் கடகடவென்று ஆடி அடங்கியது. சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம், சோப்பு வாசனை, குழாய் ஒழுகும் சத்தம். பயப்படுவதற்கான வேளையே இல்லை. ஆனாலும் அவன் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது.

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும், சனி ஞாயிறு விடுமுறை விடும் சின்ன அலுவலகம் அது. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பார்கள். வரைபடங்கள் எல்லாம் பின்னறையில் இருக்கும் இரண்டு சர்வர்களில். ஓனர் ஆறு மாதம் மகள் வீட்டில் தங்குவதற்காக வெளிநாடு போய்விட்டார். அங்கே உட்கார்ந்தபடியே இங்கே இருக்கும் சர்வருக்குள் வந்து போக ஒரு வழி வேண்டும் என்றார். அந்த ரிமோட் வழியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவன் போட்டு முடித்தான். இன்று ஐந்து மணிக்கு ஓனர் முதல்முறையாக உள்ளே வரப்போகிறார். வந்தால் முதலில் பார்ப்பது, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் இந்தப் பதிவேட்டைத்தான். குப்பைத்தொட்டியில் கசக்கிப் போட்ட காகிதத்தையும் விரித்துப் படிக்கிற மனிதர். அதற்குள் பதிவேடு துடைத்து வைத்த மாதிரி இருந்தாக வேண்டும்.

வெளியிலிருந்து எவனாவது கதவைத் தட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலில் சகஜம். புதிதாக ஒரு வழி திறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. எங்கிருந்து வருகிறான் என்று வரியிலேயே எண் இருக்கும். அந்த எண்ணை அடைத்தால் ஆயிற்று.

இந்த வரிகளில் எண் இல்லை.

எண் இல்லையென்றால் ஒரே அர்த்தம்தான். யாரோ அந்த சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து, அதிலேயே செருகிய கீபோர்டில் தட்டுகிறார்கள். ஜன்னல் இல்லாத அறை. இரும்புக் கதவு. பூட்டு மின்சாரப் பூட்டு. வெள்ளிக்கிழமையிலிருந்து அதைத் திறக்கும் பொத்தான் உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அவன் விரலுக்குக் கீழே, இந்த லேப்டாப்பில்.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். எலி கீபோர்டு மேல் ஓடியிருக்கும். ஆனால் எலி ஓடி முடித்ததும் ஒழுங்காக எண்டரைத் தட்டுமா?

தலைக்கு மேல் எங்கோ டக் என்று ஒரு சத்தம். வெயிலில் பழைய மரச் சட்டம் விரிகிற சத்தம் அப்படித்தான் இருக்கும். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏங்க, தம்பி போன் இன்னும் ஸ்விட்ச் ஆஃப்னேதான் வருது."

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவள் வாசலில் நின்றாள். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து எத்தனை தடவை கேட்டுவிட்டாள். அவனும் அதையேதான் சொன்னான். வேலை முடிந்து ஏழரைக்கு பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன், சிநேகிதர்களோடு எங்காவது சுற்றப் போயிருப்பான், சார்ஜர் மறந்திருப்பான், வருவான்.

"சொல்லாம போகமாட்டாங்க அவன். பல்லு வலிச்சாலே எனக்கு மூணு போன் வரும்."

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். எல்லாரும் வயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு ஒல்லி. வேலையும் அதற்கேற்றதுதான், பொய்க்கூரைக்கு மேல் நுழைந்து கேபிள் இழுப்பது. இரண்டு வருடமாக மாமா மாமா என்று இவனோடு ஒட்டிக்கொண்டு வேலைக்கு வந்தான். தன் பொருள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுவான். ஸ்க்ரூ டிரைவர், ஹெல்மெட், தண்ணீர் பாட்டில். முதல் வேலைக்குப் போனபோது அக்கா வாங்கித் தந்த குட்டிக் கீபோர்டில்கூட. ஓனர் சர்வருக்கென்று தனியாகக் கீபோர்டு வாங்கித் தராததால், வயர் தன் பையிலிருந்து அதை எடுத்துத்தான் செருகுவான். கல்யாணம் ஆனால் பெண்டாட்டி நெற்றியிலும் டேப் ஒட்டுவான் என்று அக்கா கேலி செய்வாள்.

"சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இப்ப என்ன விடு, அஞ்சு மணிக்குள்ள இதை முடிக்கணும்."

"அவன் தங்கியிருக்கற ரூம்ல போய் உக்காந்துக்கறேன். வந்தா அங்கதான வருவான். மாத்துத்துணி எடுத்துக்கணும், அந்தத் துணிப்பை எங்க, பரண்லயா?"

"பரண்ல இல்ல." கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டான். "அப்புறம் தேடித் தரேன்."

அவள் அவனை ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இன்னொரு வரி ஏறியது. இன்று வந்த வரிகளை இதுவரை அவன் முழுதாகப் படிக்கவில்லை. படிக்கக் கூடாதென்று கண்ணைக் கட்டிப்போட்டிருந்தான். தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சிக்கும், யூசர் நேம் கட்டத்தில் என்ன தட்டினார்கள் என்பதையும் சர்வர் எழுதி வைக்கும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் அது தெரியும். வயருக்குத் தெரியும்.

கண் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ்.

யூசர் நேம்: கதவு.

அவன் லேப்டாப்பைப் பாதி மூடினான். மூடிய இடுக்கில் வெளிச்சம் கசிந்தது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வயர் சர்வருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கேபிள் கட்டிக்கொண்டிருந்தான். திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றான். ஓனர் கேட்டது ஒரு வழிதானே, இந்த இரண்டாவது வழி யாருக்கு என்று கேட்டான். இவன் ஏதோ சமாளித்தான். வயர் ஒல்லிதான், முட்டாள் இல்லை. இந்த அலுவலக வரைபடங்கள் ராவோடு ராவாக எதிர்த்தெருப் போட்டிக்காரனுக்குப் போகப்போகின்றன என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வேணாம் மாமா. அக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க? திங்கக்கிழமை நானே சார்கிட்ட பக்குவமா சொல்லிடறேன்."

தண்ணீர் குடிக்கப் போவது போல இவன் லேப்டாப்போடு வராந்தாவுக்கு வந்தான். கதவைச் சாத்தினான். ஒரே ஒரு பொத்தான். உள்ளிருந்து திறக்கும் பச்சைப் பொத்தானையும் அன்றைக்குத்தான் ரிமோட்டுக்கு மாற்றியிருந்தான். வராந்தா மேசையில் சார்ஜில் கிடந்த வயரின் போனை எடுத்து அணைத்தான். பிறகு யோசித்து, அறையின் ஏசியையும் அணைத்தான். ஒரு ராத்திரி வேர்த்துக் கிடக்கட்டும், புத்தி வரும்.

அன்று ராத்திரி, தூங்கும் மனைவிக்குப் பக்கத்தில் படுத்தபடி, பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக வந்ததைப் படித்தான்.

கதவு. கதவு மாமா. விளையாடாதீங்க. ஏசி. தண்ணி. சொல்லமாட்டேன்.

அக்கா மேல சத்தியமா சொல்லமாட்டேன்.

அந்தக் கடைசி வரி வந்தது மூன்று மணிக்கு. படித்துவிட்டு, திருப்தியாகத் திரும்பிப் படுத்துத் தூங்கினான். விடிந்ததும் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தான். விடிந்ததும் வேறொன்று தோன்றியது. ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்தவன் வெளியே வந்தால் ஓனரிடமா போவான்? நேராகப் போலீசுக்கல்லவா போவான். இன்னும் ஒரு மணி நேரம் யோசிப்போம் என்றான். ஒவ்வொரு மணி நேரமும் கதவு இன்னும் கனமாயிற்று. சனிக்கிழமை காலை பத்தரையோடு வரிகள் நின்றன. எல்லாவற்றையும் அழித்தான். வேலை பாக்கி என்று வயர் தானே திரும்பிப் போயிருப்பான், பூட்டு கோளாறு பண்ணியிருக்கும், திங்கட்கிழமைதான் எல்லாருக்கும் தெரியவரும். கதையும் தயார்.

இன்று மத்தியானம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

முடியாது. முடியவே முடியாது.

போன் அடித்தது. ஓனர். மணி நாலரை.

"என்னப்பா, சர்வர் ரூம் சூடு நாப்பத்தொண்ணுன்னு எனக்கு மெயில் வந்திருக்கு. உள்ள யாரையாவது வச்சு அவிச்சுக்கிட்டு இருக்கியா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். ஏசி கோளாறு சார், நாளைக்கே ஆளை வரச்சொல்லிவிட்டேன் என்று இவனும் சிரித்தான். பல்லில் ஈரமே இல்லை. எதற்கும் ஐந்து மணிக்கு உள்ளே வந்து நானே ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று வைத்தார்.

லேப்டாப்பை விரித்தான். ஒன்பது வரிகள் சேர்ந்திருந்தன. ஒன்பதிலும் ஒரே சொல். கதவு. கதவு. கதவு.

அழித்தான். வந்தது. கீபோர்டு வழியையே அடைத்தான். வந்தது. சர்வரையே நிறுத்திப் போட்டுத் திரும்பக் கிளப்பினான். கிளம்பி வந்ததும் முதல் வரியாக அது உட்கார்ந்திருந்தது.

தலைக்கு மேல் டக் டக். மரச் சட்டம். வெயில். வேறென்ன.

நாலு ஐம்பது.

கதவுதானே வேண்டும். இந்தா.

திறக்கும் பொத்தானை அழுத்தினான். ஊரின் அந்தக் கோடியில் இரும்புக் கதவின் பூட்டு விடுபடுவதைத் திரை சொல்லிற்று. கதவு: திறந்துள்ளது. பத்து விநாடி. இருபது. அரை நிமிடம். வரி எதுவும் வரவில்லை.

பிறகு மெதுவாக, எழுத்து எழுத்தாக யோசித்துத் தட்டியது போல, ஒன்று வந்தது.

யூசர் நேம்: நான் அங்க இல்ல மாமா.

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. வீடு மொத்தமும் நின்றிருந்தது. அந்த நிசப்தத்தில்தான் அவன் முதல்முறையாக அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டான். மேலே. பரண் இருக்கும் பக்கம். டக். டக். டக். சீராக. மரம் அப்படி விரியாது.

அவன் எண்ணினான். ஆங்கில எழுத்தில் கதவுக்கு ஏழு எழுத்து.

ஏழு டக். கொஞ்சம் இடைவெளி. பலமாக ஒன்று.

திரையில் வரி ஏறியது.

ஏழு. பலமாக ஒன்று.

வரி.

வீட்டின் உள்ளறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினான். கால் நாற்காலியில் மாட்டியது. விழுந்தான். எழுந்தான்.

அவள் ஏற்கெனவே ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். துணிப்பையைத் தேடிப் பரணுக்குள் தோள்வரை கையை விட்டு, பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து எதையோ இழுத்தாள். கறுப்பு பிளாஸ்டிக் பை. இறுக்கமாக முடிச்சுப் போட்டது. பைக்குள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

"பல்லியா பாருங்க, பைக்குள்ள மாட்டிக்கிச்சு போல."

"அதைக் கீழ வை."

வைக்கவில்லை. பையைக் கிழித்தாள். வியர்வை வாடை, அதற்குள் இன்னொரு வாடை, இனிப்பாக, குமட்டலாக வெளியே வந்தது. அவள் கையில் ஒரு சின்னக் கீபோர்டு. ஓரத்தில் மஞ்சள் டேப் ஒரு துண்டு. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். தான் வாங்கித் தந்ததைத் தெரியாதா.

"இது தம்பியோடது."

முன்னறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. ஐந்து மணி.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

கீபோர்டின் கேபிள் அவள் முழங்கைவரை தொங்கி, எதிலும் செருகப்படாமல் காற்றில் ஆடியது. அவள் விரல்கள் இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்தன. நடுவில் எந்த விரலும் இல்லை. அங்கே ஒரு விசை கீழே அமுங்கியது. டக். இன்னொன்று. டக். மறுபடி அதுவே. டக். முதலில் அமுங்கியது திரும்பவும். டக்.

அவள் உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டினாள். அக்கா.

நேற்று நண்பகல் அந்த சர்வர் அறைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். கீபோர்டே இல்லாத அறையில் எவன் என்ன தட்டியிருக்க முடியும் என்று கணக்குப் போட்டுத்தான், வயரின் விறைத்துப்போன பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, அதை உருவிக்கொண்டு வந்தான். அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. எண்டர் விசையின் இடுக்கில் ஒரு நகம், வேரோடு, மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நகம், விசையையும் சேர்த்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்கியது.