தோத்துட்டேன்னு சொல்லு

ஒட்டடைக்குச்சி இவ்வளவு சீக்கிரம் "தோத்துட்டேன்" என்று சொல்வாள் என மிளகு எதிர்பார்க்கவே இல்லை.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுக் கையில் ஒட்டிய துருவைத் துடைப்பதற்குள் அந்தச் சொல் உள்ளேயிருந்து வந்துவிட்டது. கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை, ஒரு வசவுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மணி கேட்கிற குரல்.

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த கூத்து இது. ஒருத்தி மற்றவளை எங்கேயாவது வைத்துப் பூட்டுவாள். உள்ளே இருப்பவள் "தோத்துட்டேன்" என்றால்தான் கதவு திறக்கும். சொன்னவள் வெளியே வரலாம், சட்டம் அவ்வளவுதான். ஹாஸ்டல் குளியலறை, மருந்துக் கிடங்கு என்று எத்தனையோ கதவுகளுக்குப் பின்னால் நின்று மிளகு அதைச் சொல்லியிருக்கிறாள். சில தடவை அழுதுகொண்டு. ஒட்டடை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டாள். கதவைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்துப் போய் மிளகே திறந்துவிடுவாள்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. குள்ளமும் காரமுமாக இருப்பவள் மிளகு, மருந்துக் கவுன்ட்டரில். ஒட்டடைக்குச்சிபோல நெடுநெடுவென்று இருப்பவள் ஒட்டடை, ரத்தம் எடுக்கும் அறையில். அடுத்த மாதம் ஒட்டடைக்குக் கல்யாணம், அதோடு கண்காணாத ஊருக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரே ஒரு தடவை அவளைச் சொல்லவைக்க வேண்டும். மிளகு இந்தக் கடற்கோட்டைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே அதற்காகத்தான்.

வாசலில் காவலாளி சொல்லியிருந்தார். "சாயங்காலம் ஆனா கடல் ஏறும்மா. கீழே வெடிமருந்து அறைக்குள்ள தண்ணி வந்துடும், அந்தப் பக்கம் போகாதீங்க. இன்னைக்கு நீங்க ரெண்டு பேர்தான். ரெண்டு தலை வெளியே வந்தாச்சுன்னா நான் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன்."

போகாதே என்றால் போகாமல் இருக்கிற ஜன்மங்களா இவர்கள்? கோட்டைச் சுவரெல்லாம் சுற்றிவிட்டு, வெயில் தணிந்ததும் நேராக அங்கேதான் இறங்கினார்கள். உள்ளே இன்னொரு அறை இருக்கிறதா என்று பார்க்க ஒட்டடை குனிந்து போனாள். மிளகு கதவைச் சாத்தினாள்.

இப்போது திறந்தாள். அழுகிய பாசியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதியது. இருட்டிலிருந்து ஒட்டடை தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாள். வந்தவள் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அது எதுக்குடி?"

"இருந்த மாதிரியே இருக்கட்டும்."

மிளகுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. இத்தனை வருஷத்து எரிச்சல் இறங்கிய சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள். "இதை மைக் போட்டு உன் கல்யாணத்துல சொல்றேன் பாரு. மாப்பிள்ளைக்கு முதல்ல தெரியணும்." ஒட்டடை சிரித்தாள். பதிலுக்கு ஒரு வார்த்தை இல்லை. ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள்.

"இன்னொரு தடவை சொல்லுடி, காது குளிரக் கேக்கணும்."

"தோத்துட்டேன்."

அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசியில் மூச்சு வாங்கின இடம்கூட அதே இடம்.

மேலே சுவரை ஒட்டி நடந்தார்கள். வெயில் போய்விட்டிருந்தது. கீழே அலை ஒவ்வொரு தடவையும் பாறை இடுக்கில் நுழைந்து, உறிஞ்சுகிற சத்தத்தோடு வெளியே போனது. காற்றில் உப்பு பிசுபிசுத்தது. மிளகின் செருப்பு கல்லில் சரக் சரக்கென்று உரசியது. அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்பதை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். திரும்பிப் பார்த்தாள். ஒட்டடை பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தாள், காலில் செருப்போடு. அவள் பாவாடை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் நடந்தும் நிற்கவில்லை.

"கோவமாடி?"

ஒட்டடை அவள் கையைப் பிடித்தாள்.

மிளகு அந்தக் கையைக் குனிந்து பார்த்தாள். யார் கையைப் பிடித்தாலும் ஒட்டடையின் கட்டைவிரல் மணிக்கட்டில் நரம்பைத் தேடும். வேலைப் பழக்கம். தேடிப் பிடித்து, இரண்டு தட்டு தட்டி, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை கையைப் பிடித்தும் அதைச் சொல்லி, இரண்டு குடும்பமும் விழுந்து விழுந்து சிரித்தது. இந்தக் கட்டைவிரல் சும்மா கிடந்தது. மரக்கட்டைபோல.

தரையில் ஓர் இடத்தில், கீழே இருக்கிற அறைக்குக் காற்றுப் போக ஒரு துளை விட்டிருந்தார்கள். மிளகு அதைத் தாண்டக் காலை எடுத்தாள். துளைக்குள்ளிருந்து சத்தம் வந்தது; குனிந்தாள்.

"மிளகு. ஏய் மிளகு. திறடி."

கல்லுக்கடியில். தூரத்தில்.

"எருமை, தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சுடி. வெளியே வந்தேன்னா உன்னைத் தொலைச்சுக் கட்டிடுவேன். திறடி."

அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. செத்தாலும் சொல்லமாட்டாள். அவள்தான். அவளேதான்.

மிளகு மெதுவாக நிமிர்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. படியில் சிரித்த அதே சிரிப்பு, இன்னும் முடியவில்லை.

கையை உதறினாள். ஓடினாள். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. காவலாளியைக் கூப்பிடலாம். வாசல் தூரம். அதற்குள் தண்ணீர் ஏறிவிடும். நான்தானே பூட்டினேன், நான்தானே, என்று மனசு அடித்துக்கொண்டது. படிகளில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு எழுந்தாள். தாழ்ப்பாள் நகரவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தாள். நகர்ந்தது.

கதவைத் தள்ளியதும் தண்ணீர் அவள் தொடையில் மோதியது.

"ஒட்டடை, வாடி. திறந்துட்டேன். வா."

மிளகு இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"விளையாடாதடி. நான்தான் தோத்தவ. எப்பவும் நான்தான். வாடி."

உள் அறை வாசலில் ஏதோ மிதந்தது. செருப்பு. இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். துணி தட்டுப்பட்டது.

பின்னால் வெளிச்சம் போனது.

தாழ்ப்பாள் விழுந்தது.

மிளகு திரும்பிப் போய்க் கதவில் மோதினாள். அடித்தாள். நகம் பெயரப் பிராண்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. மூச்சு விடவில்லை. காத்துக்கொண்டு நின்றது. எதற்காகக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இத்தனை கதவுகளுக்குப் பின்னால் நின்று பழகிய வாய், அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"தோத்துட்டேன்."



பிறகு வெளியே மிளகின் குரல் சொன்னது. அவளுடைய குரலேதான். அழுகையும் அதிலேயே இருந்தது.

"தோத்துட்டேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு படியேறிப் போனது.

தண்ணீர் மார்புக்கு வந்தது. மேலே காற்றுத் துளையில் ஒரு துண்டு வானம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. மிளகு அண்ணாந்து கத்தினாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கத்துவதற்கு அவளிடம் குரல் இல்லை.

வாசலிலிருந்து காவலாளியின் பேச்சு காற்றுவாக்கில் துளை வழியாகக் கேட்டது.

"வந்தாச்சாம்மா? ரெண்டு பேரும்தானே?"

"ரெண்டு பேரும்தாண்ணே," என்றது மிளகின் குரல். "நல்லா சுத்திப் பாத்தோம்."

"பாத்துப் போங்கம்மா, இருட்டப் போகுது."

சங்கிலி இழுபட்டது. பூட்டு விழுந்தது. அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டே நடந்து போனார்.

துளையில் இருந்த வானமும் போனது.

தண்ணீருக்கடியில் ஒரு கை அவள் கையைப் பிடித்தது. குளிர்ந்து, விறைத்த கை. மிளகு அசையவில்லை. கட்டைவிரல் அவள் மணிக்கட்டில் மெல்ல நகர்ந்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். நரம்பைத் தேடியது. நின்றது.

இரண்டு தட்டு தட்டியது.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்றது, காதுக்குப் பக்கத்தில்.