கடைசிச் சுவரில் இருந்த படம்

காலை எட்டு மணிக்கு யாரோ வாசல் மணியை விடாமல் அழுத்தினார்கள். கதவைத் திறந்த மருமகள், எதிரே நின்ற பெண்மணியின் கையில் இருந்த சாவிக்கொத்தைத்தான் முதலில் பார்த்தாள். இன்னொரு கையை அவர் மணியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

"சர்வேயர் இருக்காரா?"

இருந்தார். முப்பத்தோரு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கிடங்குகளையும் தண்ணீர் புகுந்த ஆலைகளையும் பார்வையிட்டவர் அவர். சேதம் தானாக நடந்ததா, யாரோ நடத்தி வைத்ததா என்று சொல்வதுதான் அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் அவரை 'சர்வேயர்' என்றே அழைத்தார்கள். மருமகளுக்கு மருந்துக் கடையில் வேலை. அன்று அவளுக்கு வார விடுமுறை. மாமனாரைத் தேடி இப்படி யாராவது வந்துவிட்டால், துவைக்க வேண்டிய துணியெல்லாம் அடுத்த வாரத்துக்குப் போய்விடும்.

வந்த பெண்மணி ஓவியக் கூடம் நடத்துபவர். பன்னிரண்டு வருடம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் கூடத்தை நடத்தியவர், இப்போது நகரத்தின் பழைய கடைவீதிக்கு அதை மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஆறாவது மாடிக்கு லிப்ட் ஏறி வந்து யார் படம் பார்க்கிறாங்க? இங்கேன்னா சாமான் வாங்க வந்தவங்க பையோடயே உள்ள நுழைவாங்கன்னு நினைச்சேன். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறப்பு. காலையில போய்க் கதவைத் திறந்தா, கடைசிச் சுவர்ல இருந்த படத்தை யாரோ கத்தியால கிழிச்சிருக்காங்க!"

"யார் வரைஞ்ச படம்?" என்றார் சர்வேயர்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேர் என்கிட்ட படம் வைக்கிறாங்க. கிழிஞ்சது தங்கச்சியோடது."

அக்கா பெயர் பெற்ற ஓவியர். தங்கையும் இருபது வருடமாக வரைகிறாள். கூடத்துக்குள் நுழைந்தால் நேராகக் கண்ணில் படுவது கடைசிச் சுவர்தான். அங்கே அக்காவின் படம் என்றுதான் முதலில் திட்டம். எந்தப் படம் எங்கே என்று போட்ட வரைபடம் போன வாரமே எல்லா ஓவியர்களுக்கும் போய்விட்டது. தங்கையின் படத்துக்கு மாடிப்படிக்குப் பக்கத்தில் இடம்.

"நேத்து மத்தியானம் ரெண்டையும் இடம் மாத்தினேன். ரெண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி பிரேம். பிரேம்காரர்தான் மாட்டினார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டார். அக்காவுக்குத் தெரியும். தங்கச்சிக்கு மட்டும் சொல்லலை. திறப்புக்கு வந்து பார்த்து அசந்து போகட்டும்னு."

"அதுக்கப்புறம் உள்ள வந்தவங்க?"

"பிரேம்காரர் மாத்தி மாட்டின கையோட ஒன்றரைக்குப் போயிட்டார், அவரோட கத்தியை முன் மேஜையிலேயே மறந்துட்டு. ரெண்டு மணிக்கு அக்கா வந்தா. பத்து நிமிஷம் தனியா உள்ள இருந்தா. நாலு மணிக்குத் தங்கச்சி, படத்துக்குக் கீழே வைக்கிற அட்டைகளைக் கொண்டுவந்தா. நான் முழு நேரமும் வாசல்ல பெயர்ப்பலகை மாட்டுறவங்ககூட நின்னேன். அஞ்சு மணிக்கு உள்ள போகாமலேயே பூட்டிட்டேன். கடைசிச் சுவர் இருக்கிற பின்கட்டுக்கு இன்னும் விளக்குப் போடலை."

மருமகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "மாமா, அக்காதான்! இருந்த இடம் பறிபோச்சுல்ல?"

"கொஞ்சம் இரும்மா," என்ற சர்வேயர், வந்தவரிடம் திரும்பினார். "இங்கேயிருந்தே நாலு பேருக்கும் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. 'ஒரு படம் பாழாயிடுச்சு, உடனே வாங்க.' இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். என்ன கேட்டாலும் வந்து பாருங்கன்னு சொல்லி வெச்சுடுங்க."

பிரேம்காரர், "எந்தப் படம்? நான் மாட்டின ஆணி எதுவும் வராதே!" என்றார். கண்ணாடிக் கடைக்காரர், "எதும்மா? தண்ணி கிண்ணி ஒழுகிடுச்சா?" என்று கேட்டார். அக்காவின் குரல் சட்டென்று இறங்கியது. "எந்தப் படம்? கடைசிச் சுவர்ல இருக்கிறது நல்லா இருக்குல்ல?"

மருமகள் மாமனாரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

தங்கைதான் பதறிப் போனாள். "ஐயையோ! அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா? சொல்லாதீங்க, தாங்க மாட்டா. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"பாவம், எவ்வளவு பாசம்!" என்றாள் மருமகள். சர்வேயர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைவீதி குறுகலானது. இரண்டு பக்கமும் வளைவு வைத்த வாசல்கள், நூறு வருடம் தாண்டிய மரக்கதவுகள். ரப்பர் முத்திரை செய்பவர், குடை ரிப்பேர் செய்பவர், பொத்தான் மட்டுமே விற்கும் கடை, கண்ணாடிக் கடை. அதற்கு அடுத்தது ஓவியக் கூடம். முன்பு ஜவுளிக் கடையாக இருந்த இடம். தச்சு வேலை இன்னும் முழுதாக முடியாததால், தூசி படாமலிருக்க முப்பத்திரண்டு படங்களின் மேலும் பழுப்புத் தாளை ஒட்டியிருந்தார்கள். சுவரில் வரிசையாகப் பார்சல்களை மாட்டி வைத்ததுபோல இருந்தது.

சர்வேயர் டார்ச்சை அடித்துக்கொண்டு கடைசிச் சுவருக்குப் போனார். ஆறடி அகலப் படம். மூன்று வெட்டு, மேலிருந்து கீழாக. தாளும் துணியும் சேர்ந்தே கிழிந்திருந்தன. தாளின் நான்கு ஓரத்திலும் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

"மத்த முப்பத்தொண்ணு?"

"ஒரு கீறல் இல்லை, மாமா. கத்தி முன் மேஜை மேலேயே இருக்கு. நுனியில பழுப்புத் தாளோட பிசிறு." அதற்குள் அவள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"கூடத்துமேல கோபம் இருக்கிறவன் கைக்கு எட்டின படத்தைக் கிழிப்பான். இவங்க முப்பது படத்தைத் தாண்டி இருட்டுக்குள்ள நடந்து வந்திருக்காங்க."

"அதான் சொல்றேனே, தங்கச்சி மேல வயித்தெரிச்சல். அதுக்கு எங்க கடையில மருந்து கிடையாது."

"வயித்தெரிச்சலுக்கு இருக்கேம்மா. நீயே எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கே."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வாசலில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது கண்ணாடிக் கடைக்காரர். பின்னாலேயே பிரேம்காரர். அப்புறம் அக்கா, ஐம்பதை நெருங்கியவர், நரைத்த கூந்தலை இறுகக் கட்டியிருந்தார். யாரிடமும் பேசாமல் நேராகப் பின்கட்டுக்குப் போனார். கிழிசலைப் பார்த்ததும் அங்கிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "அவகிட்ட யார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

தங்கை ஓட்டமாக வந்தாள். வந்தவள் சுவரைப் பார்க்கவில்லை. அக்காவின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அழாதே அக்கா. உனக்கென்ன, உன்னால இன்னொண்ணு வரைய முடியும்."

அக்கா அழவில்லை. தங்கையின் முகத்தையே புரியாமல் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கீங்க," என்றார் சர்வேயர். "நான் நினைக்கிறதைச் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க."

பிரேம்காரர் முந்திக்கொண்டார். "கத்தி என்னோடதுதான் சார். ஆனா நான் ஒன்றரைக்கே போயிட்டேன்."

"தெரியும். கத்தி யாரோடதுங்கிறது பெரிசில்லை. தாள்தான் பெரிசு. வெட்டினவங்க தாளைத் தூக்கிக்கூடப் பார்க்கலை. அப்படின்னா, அடியில இருக்கிறது எந்தப் படம்னு அவங்களுக்கு நிச்சயமா தெரியும். இல்லை, தெரியும்னு நினைச்சிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"இல்லை. நேத்து மத்தியானம் படம் மாறிடுச்சு. அது இந்த அம்மாவுக்குத் தெரியும். மாட்டினவருக்கும், ஏணி பிடிச்ச உங்களுக்கும், பெரியவங்களுக்கும் தெரியும். நாலு பேருக்கும் இங்கே இருக்கிறது சின்னவங்க படம்னு தெரியும். சின்னவங்களைப் பிடிக்காத யாராவது இதுல இருந்தா, அவங்கதான் வெட்டினதுன்னு சொல்லிடலாம்."

தங்கை சட்டென்று நிமிர்ந்து சர்வேயரைப் பார்த்தாள். மருமகளின் பார்வை அக்காவின் பக்கம் போனது. சர்வேயர் தலையசைத்து மறுத்தார்.

"இடம் போன கோபம்னு என் மருமக சொன்னா. அம்மா, நீங்க சொல்லுங்க. இடத்தை மாத்தச் சொன்னது யாரு?"

கூடத்துக்காரம்மா அக்காவைப் பார்த்தார். "அவதான்," என்றார் கூடத்துக்காரம்மா. "தான் சொன்னதா யாருக்கும் தெரியக்கூடாதுன்னும் சொன்னா."

தங்கையின் கை அக்காவின் கையிலிருந்து நழுவியது. "அக்காவா மாத்தச் சொன்னா?"

சர்வேயர் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

"காலையில போன்ல 'ஒரு படம் பாழாயிடுச்சு'ன்னு மட்டும்தான் சொன்னோம். முப்பத்திரண்டு படம் இருக்கிற இடம். மூணு பேர் எந்தப் படம்னு கேட்டாங்க. பெரியவங்க கடைசிச் சுவரைச் சொல்லிக் கேட்டாங்க. தங்கச்சி படம் அங்கே இருந்ததால. நாலாவது ஆள் கேட்கவே இல்லை. 'அக்கா தாங்க மாட்டா'ன்னு சொன்னாங்க. வந்ததும் அக்காவுக்கு ஆறுதல் சொன்னாங்க. பாழானது அக்கா படம்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

தங்கை எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை. சுவருக்குப் போய், கிழிந்து தொங்கிய தாளை விரலால் விலக்கினாள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு நாற்காலி தெரிந்தது. அதில் சாய்ந்து தூங்கும் ஒரு பெண், மடியில் சாயம் படிந்த கைகள். மூன்று வெட்டில் ஒன்று அந்த முகத்தின் நடுவே போயிருந்தது.

அவள் மூன்று வருடம் வரைந்த படம். அவள் அக்காவைப் பார்த்து வரைந்தது.

அவளிடமிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான்," என்றாள் கடைசியில். "நாலு மணிக்கு அட்டைகளை வெக்க வந்தேன். கத்தி மேஜையில கிடந்தது. என் படத்தை மாடிப்படிகிட்டே பார்க்கலாம்னு போனேன். அங்கேயிருந்து கடைசிச் சுவர் தெரிஞ்சுது. இருபது வருஷமா எங்கே போனாலும் 'அவங்க தங்கச்சியா நீ?' இதேதான். என் கல்யாணத்துலகூட அப்படித்தான் கேட்டாங்க. இந்தப் படத்தையாவது நின்னு பார்ப்பாங்கன்னு நினைச்சேன். செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் மாட்டியிருக்காங்களேன்னு..."

"தாளைப் பிரிச்சுப் பார்த்திருக்கலாமே," என்றாள் மருமகள் மெதுவாக. இப்போது அவள் குரலில் துடுக்கு இல்லை.

"பார்த்தா கை வந்திருக்காது. அக்கா படம் நல்லா இருக்கும். எனக்குத் தெரியும்."

எல்லோரும் அக்கா என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள். மன்னிப்பார் என்றுதான் மருமகள் நினைத்தாள். அக்கா எழுந்து வந்து தங்கையின் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"என் படத்தைக் கிழிக்க வந்ததுக்கு இல்லைடி. இதைக் கிழிச்சதுக்கு."

பிறகு அவரும் அந்தச் சுவரையே பார்த்தபடி பேசினார்.

"நான் பெருந்தன்மையா இடம் கொடுத்தேன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. போன மாசம் பழைய கூடத்துல பேக் பண்றதுக்கு முன்னாடி இதைப் பார்த்தேன். இதுக்குப் பக்கத்துல என் படம் சாயம் போன துணி மாதிரி நின்னுச்சு. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கலை. இவ எப்போ இப்படி வரையக் கத்துக்கிட்டான்னு வயிறு எரிஞ்சுது. அதுலயும் என்னையே வரைஞ்சிருக்கா! என் படம் படிகிட்டே போயிட்டா அதை யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க, ரெண்டையும் ஒப்பிடவும் மாட்டாங்க. அதுக்காகத்தான் மாத்தச் சொன்னேன். நேத்து பத்து நிமிஷம் இது முன்னாடி நின்னேன். கத்தி மேஜையில கிடந்ததை நானும்தான் பார்த்தேன்."

தங்கை கன்னத்தில் கைவைத்தபடி அக்காவைப் பார்த்தாள். அறை வாங்கியவள் முகத்தில் வர வேண்டிய கோபம் அங்கே இல்லை. இருபது வருடமாக எதிர்பார்த்த ஒரு வார்த்தையை யாரும் எதிர்பாராத நேரத்தில் கேட்டவளைப்போல நின்றாள்.

"நிஜமாவா அக்கா?"

"பின்னே? இந்த நேரத்துல பொய் சொல்வேனா?"

கூடத்துக்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, போலீஸ் கீலீஸ் எதுவும் வேண்டாம் என்று சர்வேயரிடம் சொன்னார். கிழித்ததும் இழந்ததும் ஒரே ஆள். புகார் யார்மேல் யார் கொடுப்பது? அக்காவின் படத்தைத் திரும்பக் கடைசிச் சுவருக்குக் கொண்டுவரலாமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சகோதரிகள் இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள். அன்று மாலை வந்தவர்கள் அந்த வெற்றுச் சுவரைப் பார்த்துவிட்டு, விளக்கு வேலை பாக்கி போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

கிழிந்த படத்தைக் காலையிலேயே பிரேம்காரர் இறக்கிக் கொடுத்திருந்தார். ஆறடிப் படம், எந்த ஆட்டோவிலும் ஏறாது. அக்கா முன்பக்கம் பிடித்தார், தங்கை பின்பக்கம். வெயில் ஏறி, கடைவீதியில் கூட்டம் சேர்ந்திருந்தது. சர்வேயரும் மருமகளும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வேகம் கூட்டினால் மற்றவள் தடுமாறினாள். குடை ரிப்பேர் கடையருகே இருவரும் நின்று, ஏதோ சண்டை போட்டு, கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

"சேர்ந்துடுவாங்களா மாமா?"

"சேர்றது அப்புறம். இப்போதைக்குத் தனியா யாராலயும் அதைத் தூக்க முடியாது."

வீதி திரும்பும் இடத்தில் அக்காவின் குரல் கூட்டத்தையும் மீறிக் கேட்டது.

"மெதுவா வாடி. கீழே படி இருக்கு."